கம்மாபுரம் சாலையில் எரிந்த சிவப்பு விளக்கு

கம்மாபுரம் தாண்டி, சுரங்கத்து மண்மேடுகள் தெரியத் தொடங்கும் இடத்தில்தான் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், சின்னதாக ஒரு பேட்டரிப் படம். நல்ல வெயில் நேரம். பக்கத்து இருக்கையில் என் மாமனார், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குழாயின் மறுமுனை அவர் காலடியில் இருந்த மெஷினில். அந்த மெஷினின் சொந்த பேட்டரி சார்ஜ் நிற்காமல் போய்விட்டிருந்ததால், அது காரின் சார்ஜர் துளையிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் நிரப்பக் கொடுத்த இடத்திலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை.

மாமா விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர். களிமண் மாவு கொட்டிக் கலக்குகிற இடம் அவருடையது. வெள்ளைப் புருவத்தோடு வீட்டுக்கு வருவார் என்று என் கணவர் சொல்வார். நான் மருமகளாக வந்தபோதே அந்த மாவு அவருடைய நுரையீரலில் குடியேறிவிட்டிருந்தது. மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடியவர், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் காத்திருக்கிற மனிதராகிவிட்டார். கணவர் துபாயில். ஒவ்வொரு முறையும் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அவரை நான்தான் காரில் அழைத்துப் போவேன். அன்றும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தோம்.

வண்டியை ஓரம் கட்டி, எங்கள் காரைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு போன் செய்தேன்.

"அக்கா, இன்ஜின ஆஃப் பண்ணிடாதீங்க. ஏசிய நிறுத்துங்க. பானட்டத் தொறந்து பெல்ட்டு சுத்துதான்னு மட்டும் பாருங்க. கைய உள்ள வுட்றாதீங்க."

பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது அதுதான். அங்கிருந்து வரும் தடித்த ஒயர், நட்டு தளர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் கருகியிருந்தது.

"அந்த நட்ட முறுக்குனா போதும்க்கா. ஆனா இன்ஜின ஆஃப் பண்ணி, பேட்டரி மைனஸ் ஒயரக் கழட்டிட்டுத்தான் அதுல ஸ்பேனர் வெக்கணும். இல்லாட்டி ஷார்ட் ஆயிடும்."

"மைனஸக் கழட்டுனா கார்ல கரண்டே இருக்காதே. மாமாவுக்கு மெஷின் ஓடுதுங்க."

"அப்படியே ஓட்டுனா எங்க நிக்கும்னு சொல்ல முடியாதுக்கா. நின்னா மெஷினும் நின்னுடும். நான் கெளம்பி வரேன், ஆனா நேரமாவும்" என்றார். ஆம்புலன்ஸுக்கு போன் அடித்தேன். வேறு ஊரில் இருக்கிறது, வரும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. சார்ஜர் துளையருகே வோல்ட் காட்டும் எண் நான் பார்க்கப் பார்க்க இறங்கியது. மாதாவே மாதாவே என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

புல்லுக்கட்டோடு மொபெட்டில் வந்த ஒருவரைக் கையை விரித்து நிறுத்தினேன். ஸ்பேனர் இருக்கிறதா என்று கேட்டதைத் தவிர எதையும் ஒழுங்காகச் சொன்னதாக நினைவில்லை. அவர் புல்லுக்கட்டைத் தரையில் தள்ளிவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்குத் துணியில் சுற்றிய ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தார்.

மாமாவிடம் போய்க் குனிந்தேன். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டிருக்கிறார்.

"கழட்டு… ம்மா. நான்… இருக்கேன்."

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது. மைனஸ் ஒயரைக் கழற்றியதும் மெஷினின் 'உஸ் உஸ்' சத்தமும் நின்றது. அந்த அமைதியை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. வெறும் வயல், வெயில், மாமாவின் நெஞ்சு இழுக்கும் சத்தம். மொபெட்காரர் ஜன்னலுக்குள் கைவிட்டு மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "மூச்சு வருதும்மா, நீ வேலையப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆல்டர்னேட்டர் கொதித்தது. மணிக்கட்டு சுட்டது. ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி வைத்தேன், மறுபடி வழுக்கியது. இழுப்புச் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. ஓரமாகச் சாய்ந்து உள்ளே பார்த்தேன். உதடு நீலம். கண் மூடியிருந்தது.

போய்விட்டார் என்றே நினைத்தேன். மாமா என்று கத்தினேன். கண் திறக்கவில்லை. மொபெட்காரர், "இருக்காரு, இருக்காரு" என்று கத்தினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் கை நட்டிலிருந்து எடுபடவில்லை. அழுதுகொண்டே முறுக்கினேன், அசையாமல் இறுகும் வரைக்கும். மைனஸ் ஒயரை மாட்டி ஓடி வந்து சாவியைத் திருப்பினால் இன்ஜின் முனகியது, பிடிக்கவில்லை. திரும்பவும் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. விளக்கு அணைந்தது. மெஷின் ஒரு பீப் அடித்து மறுபடி மூச்சு விடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மாமாவும்.

அவரை வார்டில் சேர்த்து, முகத்தில் நிறம் திரும்பிய பிறகு கேட்டேன். "ஏன் மாமா, அவ்ளோ கத்துனேனே, கண்ணத் தொறக்கக் கூடாதா?"

மாஸ்கை விலக்கிவிட்டுச் சொன்னார். "பயமா… இருந்துச்சும்மா. என் கண்ண… நீ பாத்தா… உனக்குக் கை… நடுங்கும்."

இரண்டு மழைக்காலம் அதற்குப் பிறகும் எங்களோடு இருந்தார். கடைசியில் போனது வீட்டில்தான், ஒரு காலை நேரத்தில். கரண்ட் இருந்தது. மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பங்குச் சாமியார் வந்து, கடைசி ஜெபம் சொல்லி எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார். மாமா கண்ணை மூடியிருந்தார். முறுக்குவதற்கு எதுவும் இல்லாத என் கைகளால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்ல மாமா, தொறங்க. எனக்கு நடுங்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.