மீன்தொட்டியில் முதலைக்குஞ்சு

மீன் வளர்த்த பழைய கண்ணாடித் தொட்டியில் மகள் புதிதாகக் கொண்டுவந்த ஆமைக்கு இடம் அமைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மணலைச் சாய்வாகக் கொட்டி, மறுபக்கம் தண்ணீர் விட்டாள். நனைந்த மணலின் பாசி மணம் வந்ததும் எனக்குப் பழைய வீட்டு விறாந்தை கண்முன் நின்றது.

சிறுவயதில் எங்கள் வீடு இந்த ஊர் வாவிக்கரையிலேயே இருந்தது. வலையில் அகப்பட்ட முதலைக்குஞ்சு ஒன்றை மாமா கொண்டுவந்து, இப்படித்தான் ஒரு மீன்தொட்டியில் மணல் போட்டு விறாந்தையில் வைத்தார். பொழுதுபட்டால் அது விக்கல் எடுப்பதுபோலக் கத்தும்.

"தம்பி, அது தாயைக் கூப்பிடுது. கொண்டுபோய் விட்டிரு," என்றார் அம்மா.

"ஒண்டும் நடக்காது அக்கா."

அந்தக் கிழமை முடியுமுன்பே ஒருநாள் காலையில் வேலி சரிந்து கிடந்தது. வாவியிலிருந்து விறாந்தை வரை ஈரமண்ணில் பெரிய வயிறு இழுபட்ட தடம். விறாந்தையில் படுக்கும் எங்கள் நாயைக் காணவில்லை. குஞ்சு மட்டும் தொட்டிக்குள் கத்திக்கொண்டிருந்தது.

மாமா குஞ்சைத் தூக்கித் தோணியில் வைத்துத் தூரத்தில் விடப் போனார். தோணியின் பின்னால் தண்ணீர் ஒரு கோடாகப் பிளந்துகொண்டு போனதை அம்மாதான் முதலில் கண்டார். அவர் கரையோரமாகத் தோணியோடு ஓடினார்.

மாமா திரும்பி வந்தார். பிறகு அவர் வாவியில் தோணி இறக்கவேயில்லை.

"இந்த ஆமையை எங்க எடுத்தாய் மகள்?" என்று கேட்டேன்.

"வாவிக்கரையிலதான் அப்பா," என்றாள்.