கரடி வைத்த கைநாட்டு

தங்கதுரை மாஸ்டர் பொய் சொன்னார். சின்னப் பிள்ளைகளிடம், தெரிந்தே சொன்னார். இதை முதலில் எழுதினால்தான் மற்றதை என்னால் எழுத முடியும்.

டிவி சூடேறும்போது தூசி கருகுகிற மாதிரி ஒரு வாசனை வரும். அதோடு மழையில் ஊறிய தார்ப்பாயின் வீச்சமும் பக்கத்துக் "கார்கானா"வின், அதாவது தோல் பட்டறையின், நாற்றமும் சேர்ந்தால், அதுதான் தாராவியில் எங்கள் சந்தில் இருந்த மாஸ்டரின் அறை. பள்ளிக்கூட வாத்தியார் இல்லை அவர். சாயங்காலம் எங்களுக்கு ட்யூஷன் எடுப்பார், இங்கிலீஷ் தெரியும், சந்தில் யாருக்கு எந்த ஃபாரம் வந்தாலும் அவர்தான் படித்துச் சொல்லி நிரப்பிக் கொடுப்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஜனங்களுக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. காகிதத்தில் இருப்பதாக மாஸ்டர் எதைச் சொல்கிறாரோ அதுதான் காகிதத்தில் இருந்தது.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் கேசட் போட்டு ஒரு கார்ட்டூன் காட்டினார். ஒரு குண்டுக் கரடி தேன் கொடுக்கிறார்கள் என்று நினைத்து ஒரு வரிசையில் போய் நிற்கும். அது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற வரிசை. மேஜையில் காகிதத்தை நீட்டியதும் கரடி சந்தோஷமாக மையில் பாதத்தை முக்கிக் "கைநாட்டு" வைத்துவிடும், அடுத்த நொடி தலையில் தொப்பி, காலில் பூட்ஸ், முன்னால் நின்று குரைக்க ஒரு நாய் அதிகாரி. எல்லோரும் இடது பக்கம் திரும்பினால் கரடி வலது பக்கம் திரும்பும், சல்யூட் அடித்தால் பேன்ட் அவிழும், துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு குண்டு எங்கே என்று குழலுக்குள் எட்டிப் பார்க்கும். வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியில் கரடி வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டுக் கம்பியைப் பிடித்து அழும்போது, பெரிய இரும்புக் கேட் டமாலென்று மூடியது. அங்கே மாஸ்டர் கேசட்டை நிறுத்தினார்.

"சிரிக்காதீங்கல. இது நம்ம சந்துலயும் நடக்கப் போவுது. அடுத்த வாரம் ஃபைலத் தூக்கிட்டு வருவானுவ. வீட்ல எத்தன பேருன்னு எழுதிக் கைநாட்டு கேப்பானுவ. வச்சிட்டா ஒங்க அண்ணனும் அந்தக் கரடியும் ஒண்ணு."

வீட்டில் சொல்லலாமா என்று ஒருத்தி கேட்டாள். பெரியவர்கள் நம்பமாட்டார்கள், கதவைப் பூட்டிக்கொண்டு சத்தம் காட்டாமல் இருங்கள் என்றார். எங்களிடம் ஏன் சொன்னார் என்பது அப்போது விளங்கவில்லை. பகலில் அம்மா அப்பாக்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், வீட்டுச் சாவி கயிற்றில் கோர்த்து எங்கள் கழுத்தில்தான் தொங்கும்.

என் அண்ணன் செல்வத்துக்குப் பத்தொன்பது வயது. பேக்கரியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து பகல் முழுக்க "மாலா"வில், அதாவது மேலே இருந்த மரப்பலகை அறையில், தூங்குவான். சோறு தின்ன உட்கார்ந்தால் அவன் தலையில் அந்தத் தொப்பி தெரிந்தது. அம்மா ரேஷன் கார்டையும் மற்றக் காகிதங்களையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்து, "ஏட்டி, ஃபைல்காரங்க வந்தா அண்ணன எழுப்பிப் பெட்டியக் குடுக்கச் சொல்லு" என்று தினமும் சொல்லிவிட்டுப் போனாள். நான் தலையாட்டினேன்.

அவர்கள் வந்த அன்று சந்து முனையில் ஃபைலைப் பார்த்ததுமே கீழ்க்கதவை வெளியே பூட்டினேன். வெளிப்பக்கத்து இரும்பு ஏணியில் ஏறி மாலாவுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கீழே கதவைத் தட்டினார்கள். நான் அவன் வாயைப் பொத்தினேன், அவன் மூச்சு என் உள்ளங்கையில் சுட்டது, எனக்குப் பாவாடை நனைந்துவிட்டது. மறுபடி தட்டினார்கள். "தாலா ஹை, லிக் லே" என்றது ஒரு குரல். பூட்டியிருக்கிறது, எழுதிக்கொள் என்று அர்த்தம். கதவில் சாக்பீஸ் கிறீச்சிடுவது கேட்டது. அவர்கள் போனபிறகு இறங்கி வந்து, அந்த எழுத்தை ஈரத்துணியால் அழித்தேன். அண்ணனைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

அது வீடு கணக்கெடுக்கிற சர்வே. அதில் பேர் இருந்தால்தான், குடிசையை இடித்துக் கட்டப்போகிற கட்டடத்தில் வீடு. கொஞ்ச நாளில் கக்கூஸ் சுவரில் லிஸ்ட் ஒட்டினார்கள். எங்கள் பேர் இல்லை. எங்கள் சந்தில் விட்டுப்போன ஆறு வீடும் ட்யூஷன் பிள்ளைகளின் வீடு. மாஸ்டர் பேர் இரண்டு இடத்தில் இருந்தது, அதாவது அவருக்கு இரண்டு வீடு. அப்பா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார், பல தடவை நானும் கூடப் போனேன், எல்லா மேஜையிலும் அன்றைக்கு வீடு பூட்டியிருந்தது என்ற ஒரே பதில். நாள் முழுக்க ஆள் இருந்தானே என்று அப்பா சத்தியம் பண்ணுவார். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பேன். சந்தை இடித்தபோது விக்ரோலியில் வாடகை அறைக்குப் போனோம். யார் பூட்டினார்கள் என்று தெரியாமலே அப்பா செத்தார்.

போன மாதம் செம்பூரில் என் வீட்டில், என் மகள் போனில் அந்தக் கரடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட் மூடுகிற சத்தம் கேட்டதும் இந்த வயதிலும் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். அணைத்துவிடு, முடிந்துவிட்டது என்றேன். "முடியலம்மா, இன்னும் இருக்கு" என்றாள்.

இருந்தது. அந்த நாய் அதிகாரியே தலையில் அடித்துக்கொண்டு கரடி கைநாட்டு வைத்த காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்து, தானே கேட்டைத் திறந்து, கரடியைப் பின்னால் உதைத்து வீட்டுக்கு அனுப்புகிறது. கரடி துள்ளிக்கொண்டு ஓடுகிறது. என் மகள் கைதட்டினாள்.

அன்றே விக்ரோலிக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பயந்தேன். தகரப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "பயந்த பிள்ளைய நான் என்னத்தக் கேக்க? பயங்காட்டுனவனக் கேளு" என்றாள்.

அந்தச் சந்து இப்போது இல்லை. ஏணி இல்லை, மாலா இல்லை, லிஸ்ட் ஒட்டிய சுவரும் இல்லை. அங்கே நிற்கிற கட்டடத்தின் நாலாவது மாடியில் மாஸ்டர் இருக்கிறார். தாராவியில் மறுபடி சர்வே நடக்கிறது, மறுபடி அவர்தான் ஜனங்களுக்கு ஃபாரம் படித்துச் சொல்கிறார். சர்வே பற்றி மாதுங்காவில் நடந்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, அந்தக் காலத்தில் படிக்காத சனம் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு வீட்டை விட்டது என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்.

மாஸ்டர், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் இருக்கிறது. அதே மைக்கில் அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லுங்கள். நீங்கள் கரடிப் படம் காட்டிய அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேசட்டில் படம் மிச்சம் இருந்தது. கேட் மூடின இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள்? முன்வரிசையில் நான் இருப்பேன், அம்மாவும் பெட்டியோடு வருகிறாள்.