பாதி ஏற்றத்தில் நின்ற வேனும் ரோசலின் நர்சம்மாவும்

ரோசலின் நர்சம்மா போய்விட்டார் என்பதை மஞ்சூர் பஸ் கண்டக்டர் படியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். கட்டபெட்டில், தம்பி வீட்டில் இறந்திருக்கிறார். எங்கள் தோட்டத்திலிருந்து அடக்கத்துக்குப் போனவர்கள் ஒரு ஜீப் அளவுகூட இல்லை. அவர் கையில் பிறந்தவர்களோ இங்கே தொழிலாளர் வரிசை வீடுகளில், லயம் நிறைய இருக்கிறார்கள்.

அவரும் என்னைப் போலச் சிலோனிலிருந்து திரும்பியவர். மண்டபம் முகாமிலிருந்து எங்களை இந்த மலைக்குக் கொண்டுவந்தபோது, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மருத்துவச்சியாக அவரையும், நோயாளிகளை ஊட்டிக்கு ஏற்றிப்போகும் வேனுக்கு டிரைவராக என்னையும் வைத்தார்கள்.

சில வருடங்களில் வேன் கறுப்புப் புகை கக்க ஆரம்பித்தது. ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் நானே சுத்தம் செய்துவிடுவேன். கார்புரேட்டர் ஒர்க்‌ஷாப் வேலை. அது தேய்ந்துபோய்ப் பெட்ரோலைத் தேவைக்கு மேல் ஊற்றியது. முன்பு ஊட்டிக்குப் போய்த் திரும்பப் போதுமான பெட்ரோல், போவதற்கே போதவில்லை. ஆபீசில் சொன்னேன்.

“ஏனுங்க டிரைவர், பெட்ரோலக் குடிக்கறது வண்டியா, நீங்களா?” என்றார் மேனேஜர். குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். அன்று முதல் பெட்ரோல் அளந்துதான் கிடைத்தது. அவர் கையெழுத்து இல்லாமல் ஸ்டோரில் ஒரு சொட்டுத் தரமாட்டார்கள்.

விஷயம் கேட்டு நர்சம்மா நேரே ஆபீசுக்குள் போனார். நான் வாசலில் நின்றேன்.

“தொரை, வண்டிய ஒருக்கா ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்க. இந்தப் பெட்ரோல்ல ஊட்டி போய்ச் சேர ஏலாது.”

“நீங்க பிரசவத்தப் பாருங்க நர்சம்மா. எஞ்சின நாங்க பாத்துக்கறோமுங்க.”

“பிரசவக்காரி அந்த வண்டியிலதானே போறா?”

மேனேஜர் அடுத்த ஃபைலை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த மழைக்காலத்தில் லயத்துச் செல்வமணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. மேனேஜர் குன்னூர் போயிருந்தார். ஸ்டோர்காரர் கையை விரித்தார். டாங்கில் இருந்ததோடு கிளம்பினோம். ஊட்டிக்கு முந்திய ஏற்றத்தில் வேன் இரண்டுமுறை இருமிவிட்டு நின்றது. வெகுநேரம் கழித்து ஒரு முட்டைக்கோஸ் லாரி வந்தது. மூட்டைகள்மேல் செல்வமணியைக் கிடத்தினோம். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் நாடி பார்த்துவிட்டுக் கையை விட்டார். நர்சம்மாவின் மடியில் பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.

நோயாளியைத் தாமதமாகக் கிளப்பியது மருத்துவச்சியின் தவறு என்று விசாரணையில் முடிவுகட்டினார்கள். பெட்ரோலைப் பற்றி நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நர்சம்மாவுக்கு வேலை போயிற்று. அடுத்த மாதமே வேனை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டார்கள். பழையபடி சிக்கனமாக ஓடியது. அந்தச் சிக்கனத்துக்காக மேலிடம் மேனேஜரைப் பாராட்டியது.

நர்சம்மா தோட்டத்தை விட்டுப் போன அன்று, “விதி நர்சம்மா, நாம என்ன செய்ய ஏலும்?” என்று லயத்துப் பெண்கள் அழுதார்கள். அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

“விதின்னு சொல்லாதீங்க. பொறகு அவங்க நிம்மதியாத் தூங்குவாங்க. இந்தப் புள்ள வளந்து கேட்டா, வண்டியச் செஞ்சு குடுக்காம, பெட்ரோலும் குடுக்காம உங்கம்மாவக் கொன்னாங்கன்னு சொல்லுங்க.”

அடக்கத்தில் அவரைப் பொறுமையின் வடிவம் என்று பேசினார்கள். அவரை அறிந்தவர்களே, அப்படிப் பேசாதீர்கள். அவர் பொறுத்துக்கொண்டவர் இல்லை.

செல்வமணியின் மகள் இப்போது இதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். கல்லறையிலிருந்து திரும்பும்போது தன் அம்மாவைப் பற்றிக் கேட்டாள். நர்சம்மா சொல்லச் சொன்னபடியே சொன்னேன், மேனேஜரின் பெயரையும் சேர்த்து. நர்சம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம்தான். அதை ஆறவிடமாட்டேன்.