கட்டில் கீறிய கோடு

பெரம்பலூர் வீட்டில், பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக மகள் ஈரச் செம்மண்ணை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து நெருக்கினாள்.

"பாருப்பா, இந்தியா போய் ஆசியாவுல முட்டுது. மண்ணு மலையா எழும்புது. அதுக்கு மேல எழும்ப முடியலன்னா, நடுவுல மாட்டுன நிலம் வெடிப்பு விட்டு பக்கவாட்டுல நழுவிடும்."

மண் வாசம் மூக்கில் ஏறியதும் ஆண்டிமடத்து வீட்டில் சிறுவனாக நின்றேன். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்து, ஆளுக்கொரு பக்கமிருந்து மண்சுவர் எழுப்பிய வருடம் அது. நடு அறையில் இருந்தவள், புருஷனை இழந்து திரும்பி வந்த அத்தை.

"கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக்க" என்றார் பெரியப்பா.

"இந்தப் பக்கம் வராத" என்றார் அப்பா.

அத்தை சிரித்தாள். "அப்ப நான் செவுத்து மேலயா ஏறிப் படுக்கிறது?"

அந்த ஒரு வேலைக்கு மட்டும் அண்ணனும் தம்பியும் ஒன்றுசேர்ந்து, அவள் கட்டிலை இழுத்துப்போய் மாட்டுக்கொட்டகையில் போட்டார்கள். கட்டில் கால்கள் தரையில் கீறிய நீண்ட கோட்டை அம்மா சாணி போட்டு மெழுகி மறைத்தாள். மார்கழிப் பனியில் அத்தை அங்கேயே செத்தாள். பிணத்தைக் குளிப்பாட்ட இருவருமே தங்கள் வாசலில் இடம் விடவில்லை. தெருவில் கிடத்தினார்கள்.

பலகைகள் இறுக, செம்மண் ஓரமாகப் பிதுங்கியது. "நழுவிடுச்சுப்பா!" என்று கைதட்டிய மகள், பிதுங்கியதை விரலால் வழித்துக் குப்பையில் போட்டாள்.