ஆ மாமாவின் ஸ்பூன்

இடது கையால் குழந்தையின் தாடையை லேசாகத் தாங்கி, வலது கையிலிருந்த ஸ்பூனின் அடியைக் கிண்ணத்து விளிம்பில் வழித்துவிட்டு, "ஆ… காட்டு. இன்னும் பெரிசா. அப்படித்தான் ராஜாத்தி!" என்றார். குழந்தையின் வாய் திறப்பதற்கு முன்பே அவர் வாய் திறந்துகொண்டது. கஞ்சி உள்ளே போனதும் இரண்டு வாய்களும் ஒன்றாக மூடின. மறுபடியும் ஸ்பூன் கிண்ணத்துக்குள் இறங்கியது.

அவர் பல் டாக்டர். "ஆ காட்டுங்க" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு மாடி வீடு கட்டியவர். கிளினிக்கை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தபோது, ஆ காட்ட ஆள் இல்லாமல் போயிற்று. விமானம் ஏறி இந்தக் குழந்தைகள் இல்லத்துக்குத் தொண்டு செய்ய வந்தார். இது மூன்றாவது வருகை. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆ மாமா'. அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு வாயெல்லாம் பல்.

பெட்டியில் பாதி பிள்ளைகளுக்கான பிரஷ்கள். மீதிப் பாதியில் அவருடைய தலையணை, அவருடைய டீத்தூள், அவருடைய கொசுவத்தி. குளிக்க வெந்நீர் வேண்டும். அதை மாடிக்குத் தூக்கிப்போக ஓர் ஆள் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகூடத் தன் தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவும் இடத்தில் அவருடைய தட்டு மட்டும் மேசையிலேயே காய்ந்து கிடக்கும். "தொண்டு பண்றவருக்குத் தொண்டு பண்ண எனக்கு யாரும் சம்பளம் தரல" என்று முணுமுணுத்துக்கொண்டே சமையல்காரம்மா அதை எடுத்துப் போவார்.

முதல் வருடம் வந்த கையோடு அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். கஞ்சியில் சர்க்கரையை நிறுத்தச் சொன்னார். "பல்லுக்கு எமன் மேடம் அது!" டாக்டர் சொன்னால் மறுபேச்சு உண்டா? அன்றிலிருந்து பிள்ளைகள் மருந்து குடிப்பதுபோல் கஞ்சி குடிக்கிறார்கள். அவருக்கு மட்டும் காலையில் மாடிக்கு ரொட்டியும் ஜாமும் போகும்.

பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுக்கக்கூடாது என்பது இல்லத்தின் சட்டம். அதனால் ஸ்பூன் பிடித்த தன் கையைத் தானே படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். கும்பிடும் கைகள் வரிசையாகப் பதிலாக வந்தன. அவருக்கு உச்சி குளிர்ந்தது.

இப்போது அவர் ஊட்டிக்கொண்டிருந்த பெண்ணை எல்லோரும் 'பொட்டலம்' என்பார்கள். முழங்காலை மடக்கி, முகவாயை அதன்மேல் வைத்து, கட்டிவைத்த பொட்டலம்போல உட்காருவாள். ஐந்து வயது ஆகப்போகிறது. அவளுடைய சொந்த அக்கா, முற்றத்துக்கு அந்தப் பக்கம் பெரிய பிள்ளைகள் இருக்கும் கட்டடத்தில் இருக்கிறாள். தானாகச் சாப்பிட்டு, தானாகச் சட்டை மாட்டத் தெரிந்த பிள்ளைகளைத்தான் அங்கே எடுப்பார்கள். பொட்டலம் தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவின் ஜன்னலைப் பார்ப்பாள்.

"டாக்டர், அந்த ஸ்பூனைக் கொஞ்சம் கீழ வைங்க."

சின்னப் பிள்ளைகளின் பொறுப்பாளர் அம்மா வந்து நின்றார்.

"இன்னும் நாலே வாய்தான் மேடம்."

"வைங்கன்னு சொன்னேன்."

துணி மடிக்கும் அறைக்கு அவரை அழைத்துப் போனார் அந்த அம்மா. குட்டிச் சட்டைகளை மடித்தபடியே பேச்சை ஆரம்பித்தார்.

"போன வருஷம் நீங்க கிளம்பின மறுநாள் அவ என்ன பண்ணா தெரியுமா? கையை மடியில வெச்சுக்கிட்டு வாயைத் திறந்துக்கிட்டே உக்காந்திருந்தா. நாங்க ஊட்டப் போனா வாயை இறுக்கி மூடிக்கிட்டா. அதுக்கு முன்னாடி தானா சாப்பிட்டுக்கிட்டிருந்த பிள்ளை அது!"

டாக்டரின் முகம் மலர்ந்தது. "என்மேல அவ்வளவு பாசமா மேடம் அவளுக்கு?"

அந்த அம்மா கையிலிருந்த சட்டையை உதறினார். "பாசமும் இல்ல, பாயசமும் இல்ல. பழக்கம். அதை மாத்தறதுக்குள்ள எங்களுக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. இப்ப வந்து மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்க. அக்காகூடப் படுக்க வேண்டியவ இன்னும் இந்தப் பக்கமே கிடக்கிறா."

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

அந்த அம்மா மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தார். பிரஷ் வரவு நின்றுவிடுமோ என்று அவரும் வாயைத் திறக்காமல்தான் இருந்தார். "இப்பச் சொல்றேன்ல?" என்று சமாளித்தார். "நாளைக்குக் காலைல அந்தப் பக்கத்து வார்டன் வந்து பார்ப்பாங்க. தானா சாப்பிட்டா நாளைக்கே அவ போர்வையைத் தூக்கிக்கிட்டுப் போயிடலாம். இல்லன்னா அக்கா பக்கத்துல காலியா இருக்கிற கட்டில் வேற பிள்ளைக்குப் போயிடும்."

"அப்ப நான் மாடியிலேயே இருந்துடறேன்" என்றார் டாக்டர், சொத்தையே எழுதிக் கொடுப்பவரைப்போல.

"அதெல்லாம் வேணாம். நீங்க இல்லாதப்ப சாப்பிட்டு என்ன பிரயோஜனம்? அடுத்த வருஷமும் ஸ்பூனைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பீங்க. உங்க கண்ணு முன்னாடிதான் சாப்பிடணும். எதிர்லயே வந்து உக்காருங்க. கையை மட்டும் மாடியில கழட்டி வெச்சிட்டு வாங்க."

"பிள்ளை பசியில அழுதா?"

"அழட்டும். அவளைவிட உங்களுக்குத்தான் பசி அதிகமா இருக்கு."

முகம் சுண்டிப்போய் மாடிக்குப் போனவர் மனைவிக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார். ஆறுதலுக்குப் பதில் சிரிப்புச் சத்தம் வந்தது.

"நீங்க ஊட்டறீங்களா? உங்க பொண்ணுக்கு ஒரு வாய் ஊட்டியிருப்பீங்களா இத்தனை வருஷத்துல?"

"அப்ப எனக்குக் கிளினிக்ல தலைக்கு மேல வேலை."

"அதான் அவ சீக்கிரமே தானாச் சாப்பிடக் கத்துக்கிட்டா. இங்க உங்க பேரன் தட்டைக் கவுத்துட்டு உக்காந்திருக்கான். ஊட்டற கை சும்மா இருந்தா வாங்களேன்."

"அவன் அடங்க மாட்டான். கடிப்பான்."

"ஆமா, அடங்கற பிள்ளையாப் பார்த்து விமானம் ஏறிப் போங்க" என்று சொல்லி மனைவி போனை வைத்துவிட்டார். டாக்டர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கவில்லை.

மறுநாள் காலை ரொட்டியை மாடிக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு அறைக்கு வந்தார். பொட்டலத்துக்கு எதிரே சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உடம்பைத் திணித்துக்கொண்டார். அந்தப் பக்கத்து வார்டன் சுவரோரமாக நின்றார். அவருடைய சேலைக்குப் பின்னால் அக்கா நின்றாள்.

கிண்ணம் வந்தது. பொட்டலம் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆ மாமாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

அவருடைய வலது கை மேசைக்கு வந்துவிட்டது. ஸ்பூனுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. பொறுப்பாளர் அம்மா கனைக்கக்கூட இல்லை. டாக்டர் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். இடது கையையும் நம்பவில்லை. அதையும் அடியில் வைத்தார்.

பொட்டலம் வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள். கஞ்சியில் ஆடை படிந்தது. அவளுடைய உதடு துடித்தது. டாக்டரின் நெற்றியில் வியர்வை கோத்தது. அவள் அவரைப் பார்த்தாள். கைகள் எங்கே போயின என்று மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். பிறகு வார்டனின் சேலைக்குப் பின்னாலிருந்த முகத்தைப் பார்த்தாள்.

பொட்டலம் ஸ்பூனை எடுத்தாள்.

முதல் வாய் பாதி சட்டையில் போயிற்று. இரண்டாவது மூக்கில் பட்டது. மூன்றாவது ஒழுங்காக உள்ளே போயிற்று. ஒவ்வொரு முறை ஸ்பூன் மேலே எழும்போதும் எதிரே உட்கார்ந்திருந்த பெரிய வாய் தானாகத் திறந்து தானாக மூடியது. வார்டன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கிண்ணத்தின் அடி தெரியத் தொடங்கியபோது பொட்டலம் தலையைத் தூக்கினாள். மாமாவின் வாய் இன்னும் மூடாமல் இருந்தது.

அவள் ஸ்பூனை நிரப்பி, அடியைக் கிண்ணத்து விளிம்பில் வழித்துவிட்டு, எழுந்து நின்று மேசைமேல் சாய்ந்தாள்.

"ஆ… காட்டு" என்றாள். "இன்னும் பெரிசா."

ஆறிப்போன, சர்க்கரை இல்லாத கஞ்சி. டாக்டரின் முகம் கோணியது. கைகளை வெளியே எடுக்காமல் அதை விழுங்கினார்.