கழுதையின் காதில் சொன்னது

இன்று எண்ணூர் பஸ்ஸில் பக்கத்து சீட் மீன்காரம்மா என்னையே உற்றுப் பார்த்தார்.

“கய்தய கட்டிக்கினு அயுத பொண்ணு நீதான? வீடியோல பாத்தேன். அந்தப் பேமானிய வுட்டுத் தள்ளு கண்ணு.”

மீட்ட விலங்குகளோடு மனிதர்களும் தேறிவரும் பண்ணை ஒன்றுக்கு ஞாயிறுதோறும் போகிறேன். கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்ட பிறகு, கண் தெரியாத கழுதையின் காதில் மனதில் உள்ளதைச் சொல்லலாம். அப்போது யாரும் அருகே வரக்கூடாது. பண்ணையை நடத்தும் அக்கா வைத்த வழக்கம் அது.

இறங்கியதும் அந்த அக்காவைப் போனில் அழைத்தேன்.

“நான்தாம்மா எடுத்தேன். நல்லா வந்திருக்குல்ல? எல்லாரும் ஷேர் பண்றாங்க.”

அம்மாவிடம்கூட நான் சொல்லாதது அது.

கேமரா இல்லாமல் அழ ஓர் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். கமென்டில் வேண்டாம், இன்பாக்ஸில்.