முப்பது எண்ணும்வரை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். என் பீங்கான் சூளையில் வேலை செய்பவர்களுக்கு அது தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த வாரம், சூளைக்கு நெருப்புப் போடும் எங்கள் சூளைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சூடு ஆறுவதற்கு முன்பே சூளைக் கதவைத் திறந்துவிட்டார். குளிர்காற்று பட்டு, உள்ளே இருந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் படபடவென்று வெடித்தன. எல்லோர் முன்னாலும் அவரைக் கன்னத்தில் அறைந்தேன். "ரெண்டு நாளு பொறுக்க முடியாதா ஒனக்கு?" என்று கத்தினேன். அவர் குனிந்து உடைசல்களைப் பொறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த உடைசல்களைத்தான் களிமண் குழியின் மேட்டில் குறிக்காக அவரையே அடுக்கச் சொன்னேன். என்னிடம் லைசென்ஸோடு இரண்டு பழைய பாயிண்ட் டூ டூ ரைபிள்கள் இருந்தன. என்னைவிட மூத்தவை, தேடித் தேடி வாங்கியவை. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்து, அப்போதுதான் திரும்பி வந்திருந்தன. கை துறுதுறுத்தது. மனைவியின் தம்பியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

சுட்டேன். ஒவ்வொரு கட்டையிலும் யாரோ ஒருவர் முகத்தை நினைத்துத்தான் சுட்டேன். பீங்கான் சிதறச் சிதற உடம்பெல்லாம் சுகமாக இருந்தது.

ஐந்தாவது தோட்டா வெடிக்கவில்லை. இந்த வகைத் தோட்டாவில் பற்றும் மருந்து அடிவிளிம்பில் இருக்கும். பழசாகிவிட்டால் சில சமயம் தாமதித்து வெடிக்கும். குழலைக் குறிப்பக்கமே பிடித்துக்கொண்டு முப்பது எண்ண வேண்டும். அது எனக்கு மனப்பாடம்.

"என்னா மாமா, பாட்டன் காலத்து வெடி புஸ்ஸுன்னு பூடுச்சா?" மச்சினன் சிரித்தபடி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான்.

சுருக்கென்றது. நான்குகூட எண்ணவில்லை, தோட்டாவை வெளியே தள்ளும் போல்ட்டை வெடுக்கென்று இழுத்தேன். பாதி வெளியே வந்த தோட்டா அங்கேயே வெடித்தது. பித்தளைச் சில்லு அவன் கண்ணில் பாய்ந்தது. விரலிடுக்கில் ரத்தம் கொட்ட, "அக்கா, அக்கா" என்று அலறினான்.

வெறி பிடித்தவனாக ரைபிளைத் தலைகீழாகப் பிடித்துக் கல்லில் அடித்தேன். அதன் மரப்பிடி பிளந்தது. சூளைக்காரர்தான் ஓடி வந்து என் கையை முறுக்கிப் பிடுங்கினார். "மொதல்ல புள்ளயத் தூக்குங்க!"

கண் பிழைக்காது என்று டாக்டர் சொன்னபோது ஆஸ்பத்திரி வாசலில் அவர் மட்டும்தான் என்னோடு நின்றிருந்தார், சட்டையெல்லாம் ரத்தம். அவர் கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்து, "அடிங்க" என்றேன்.

அவர் கையை உருவிக்கொண்டார். "அடிச்சா கண்ணு வந்துடுமாங்க?"

அடித்திருந்தால் தேவலை.